டர்பன்ல இருந்து முதல் குரூஸ்: கடல் வாந்தி பயமும் இருக்கு, மூடின ரூம் பயமும் இருக்கு, போனவங்க சொல்லுங்க

பூங்கொடி_சாட்ஸ்வர்த் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். டிசம்பர் ஆரம்பத்துல டர்பன்ல இருந்து மொசாம்பிக்ல இருக்கற போர்ச்சுகீஸ் ஐலண்ட் தீவுக்குப் போய்ட்டு வர்ற குரூஸ்க்கு குடும்பமா புக் பண்ணியாச்சு. அம்மாவோட அறுபதாவது பிறந்தநாள். தங்கச்சி, அவ வீட்டுக்காரர், பசங்க, பெரியம்மா எல்லாருமா பெரிய கூட்டம். அவங்கெல்லாம் என்ன டிரெஸ் எடுத்துட்டுப் போகலாம்னு பேசிட்டு இருக்காங்க, நான் மட்டும் ராத்திரி தூக்கம் வராம யூட்யூப்ல புயல்ல கப்பல் ஆடற வீடியோவா பார்த்துட்டு இருக்கேன்.

எனக்கு ரெண்டு பிரச்சனை. ஒன்னு வாந்தி. ஜோபர்க் போற பஸ்ல வான் ரீனன்ஸ் பாஸ் மலைப்பாதை ஏறும்போதே வயித்தைப் பிரட்ட ஆரம்பிச்சுடும், கார்ல பின் சீட்ல உட்கார்ந்து போனைப் பார்த்தாலும் அதேதான். ரோட்டுலயே இப்படின்னா கடல்ல என்ன ஆகும்னு தெரியல, பஸ்னா நிறுத்தச் சொல்லி இறங்கிக்கலாம், கப்பலை யாரு நிறுத்துவா?

ரெண்டாவதுதான் பெருசு. மூடின இடம்னா எனக்கு மூச்சு முட்டும். லிஃப்ட்ல கூட்டமா இருந்தா ஏறமாட்டேன், படிக்கட்டுதான். போன வருஷம் முதுகுக்கு ஸ்கேன் எடுக்க அந்த எம்.ஆர்.ஐ மெஷினுக்குள்ள அனுப்புனப்போ நெஞ்சு படபடன்னு அடிச்சு கைகால் வெறவெறத்து, வெளிய இழுங்கன்னு கத்திட்டேன், அப்புறம் டாக்டர் ஒரு தூக்க மாதிரி மாத்திரை கொடுத்துதான் எடுத்தாங்க. இப்ப தங்கச்சி எங்களுக்குப் போட்டிருக்கற கேபின் இன்சைட் கேபின், ஜன்னலே கிடையாது, விலை கம்மின்னு போட்டுட்டா. லைட்டை அணைச்சா கும்மிருட்டா இருக்கும்னு சொல்றாங்க. நினைச்சாலே இங்க சோபால உட்கார்ந்துகிட்டே எனக்கு வேர்க்குது.

வீட்ல சொன்னா, நம்ம முப்பாட்டனுங்க எல்லாம் 1860ல கரும்புத் தோட்டக் கூலியா ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து ஒரு மாசத்துக்கு மேல கடல்ல கிடந்து வந்தாங்க, உனக்கு நாலு நாள் ஏசி கப்பல்ல போறதுக்கு பயமான்னு பெரியம்மா கேக்கறாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது. எந்த கேபின் எடுக்கணும், எந்த மாத்திரை, நடுக்கடல்ல அந்த படபடப்பு வந்தா என்ன பண்றது, யாராவது இதே மாதிரி பயம் இருந்து போய்ட்டு வந்தவங்க இருக்கீங்களா? கேன்சல் பண்ணிடலாமான்னும் தோணுது, ஆனா அம்மா முகத்தைப் பார்த்தா மனசு வரல. எனக்கு பிபி இருக்கு, அதுக்கு மாத்திரை சாப்பிடறேன், அதையும் சொல்லிடறேன்.


ஜோபர்க்_செல்வம் எழுதியது:

அக்கா கவலையே படாதீங்க, அவ்ளோ பெரிய கப்பல்ல ஆடறதே தெரியாது, நாங்க ஃப்ரெண்ட்ஸோட போனோம், ஜாலியா இருந்துச்சு. ஏறினதும் டெக்ல உட்கார்ந்து ரெண்டு கிளாஸ் வைன் குடிச்சுட்டு அந்த வாந்தி மாத்திரையையும் ஒன்னு போட்டீங்கன்னா நல்லா தூக்கம் வந்துடும், காலைல எழுந்தா கடல் பழகியிருக்கும். கேன்சல் மட்டும் பண்ணிடாதீங்க, அம்மா பிறந்தநாள் திரும்ப வராது.


டோங்காட்_மல்லி எழுதியது:

பூங்கொடி, முதல்ல பெரியம்மா சொன்னதை மனசுல போட்டுக்காதீங்க. அந்தக் காலத்துல வந்தவங்களுக்கு வேற வழி இல்ல, கப்பல் அடித்தட்டுல நெருக்கியடிச்சு வந்தாங்க, அவங்க பட்டது பெரிய கஷ்டம்தான், அதுக்காக உங்க பயம் பொய்யாகிடாது. எனக்கும் இதே பயம் உண்டு. கழிவறைக் கதவை முழுசா சாத்தாத ஆளு நான். நான் போய்ட்டு வந்துட்டேன், திரும்பவும் போவேன், அதனால தைரியமா எழுதறேன்.

ஒன்னு புரிஞ்சுக்கோங்க, கப்பல் முழுக்க மூடின இடம் இல்ல. பகல் பூரா நீங்க இருக்கப்போறது திறந்த டெக்ல, நீச்சல்குளத்துக்குப் பக்கத்துல, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல் வச்ச ஹால்ல, சாப்பாட்டு இடத்துல. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு கஷ்டம் கொடுக்கற இடம் மூணு நாலுதான், அது எதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். கேபின் ஒன்னு. கேபினுக்குப் போற நீள காரிடார் ஒன்னு, ஜன்னல் இல்லாம ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவா போய்ட்டே இருக்கும், எனக்கு கேபினைவிட அதுதான் முதல் நாள் நெஞ்சை அடைச்சுது, அதனால படிக்கட்டுக்குப் பக்கத்துல இருக்கற கேபினா கேளுங்க. அப்புறம் லிஃப்ட், அதை விட்டுடுங்க, படிக்கட்டு அகலமா நல்லாத்தான் இருக்கு. கடைசியா ஏறற அன்னிக்கு டெர்மினல்ல இருக்கற கூட்டம், பாஸ்போர்ட் லைன், செக்யூரிட்டி லைன்னு நிக்கணும், புது நெல்சன் மண்டேலா டெர்மினல் பழைய ஷெட்டை விட எவ்வளவோ காத்தோட்டமா இருக்கு ஆனாலும் கூட்டம் கூட்டம்தான், உங்களுக்குக் கொடுத்த நேரத்துக்குப் போங்க, எல்லாரும் போற நேரத்துக்கு முன்கூட்டியே போய் நிக்காதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பாதுகாப்பு டிரில் கட்டாயம் இருக்கும். 2012ல கோஸ்டா கான்கார்டியா விபத்து நடந்தப்புறம் விதியை மாத்தி, கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே இல்லன்னா கிளம்பின உடனேயே அதை முடிச்சாகணும்னு வச்சுட்டாங்க. முன்னல்லாம் எல்லாரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு நெருக்கமா நிக்கணும், இப்ப நிறைய கப்பல்ல வீடியோவைப் பார்த்துட்டு ஆபத்துன்னா உங்களைக் கூடச் சொன்ன இடத்துக்கு நடந்துபோய் கேபின் கார்டைக் காட்டிட்டு வந்தா போதும். உங்க கப்பல்ல எப்படின்னு கேட்டுக்கோங்க, அதைத் தவிர்க்கப் பாக்காதீங்க. வெளிய போற வழி எதுன்னு நடந்து பார்த்ததுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வர வச்சுது.

இன்னும் டிசம்பருக்கு நாள் இருக்கு இல்ல, அதைச் சும்மா வீடியோ பார்த்து வீணாக்காதீங்க ப்ளீஸ். அந்த வீடியோவை எடுத்துப் போடறவங்க ஆயிரம் அமைதியான நாளை விட்டுட்டு அந்த ஒரு நாளைத்தான் போடுவாங்க. அதுக்கு பதிலா பழகுங்க. எனக்கு கவுன்சிலர் சொல்லிக்கொடுத்தது, பயத்தை விட்டு ஓடினா அது பெருசாகும், கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல போய் உட்கார்ந்தா அது தானா இறங்கும். ரொம்ப லேசானதுல ஆரம்பிங்க. வீட்ல ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமோ பாத்ரூமோ இருந்தா கதவைத் திறந்து வச்சு உட்காருங்க, அப்புறம் பாதி சாத்தி, அப்புறம் முழுசா சாத்தி பூட்டாம, அப்புறம் லைட்டை அணைச்சு. ஒவ்வொன்னுலயும் படபடப்பு ஏறும், ஏறட்டும், அது குறையற வரைக்கும் அங்கேயே இருங்க. உச்சத்துல இருக்கும்போது எழுந்து ஓடினீங்கன்னா மூளை என்ன கத்துக்கும், ஓடினதாலதான் பிழைச்சேன்னு கத்துக்கும். பொதுவா அந்த உச்சம் ஒரு பத்து நிமிஷத்துக்குள்ள வந்து இறங்க ஆரம்பிச்சுடும், நமக்குத்தான் அது முடியவே முடியாதுன்னு தோணும். மூச்சை உள்ள இழுக்கறதைவிட வெளிய விடறதை நீளமா விடுங்க, இழுக்கும்போது நாலு எண்ணினா விடும்போது ஆறு ஏழு எண்ணுங்க.

வெளிய பழக நல்ல இடம் டர்பன் கடற்கரைல இருக்கற உஷாகா மரைன் வேர்ல்ட். அங்க அந்த மீன் காட்சியகத்தை கடல்ல உடைஞ்ச பழைய கப்பல் மாதிரியே கட்டி வச்சிருக்காங்க, கீழ இறங்கிப் போனா இருட்டான குறுகலான வழி, சுத்தி கண்ணாடிக்குள்ள மீன், சுறா. வார நாள்ல கூட்டம் இல்லாதப்போ தங்கச்சி பசங்களைக் கூட்டிட்டுப் போங்க, வேணும்னா பாதியில வெளிய வாங்க, திரும்ப உள்ள போங்க. அப்புறம் கேட்வே மால்ல லிஃப்ட்ல ஒரு மாடி மட்டும், கூட யாராவது இருக்கும்போது. ரொம்ப முடியலன்னா சவுத் ஆப்பிரிக்கன் டிப்ரஷன் அண்ட் ஆங்ஸைட்டி குரூப் இருக்காங்க, சாடாக்னு சொல்வாங்க, போன் பண்ணி பேசினா உங்க ஏரியால யாரைப் பார்க்கலாம்னு வழி சொல்வாங்க. தீபாவளி முடியறதுக்குள்ள உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.


பிளஃப்_மரைன் எழுதியது:

தங்கச்சி, நான் தூத்துக்குடிக்காரன், ரொம்ப வருஷம் கப்பல்ல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆகி இங்க டர்பன்ல பொண்ணு வீட்ல இருக்கேன், ஹார்பர் பக்கத்து மேடான பிளஃப்ல இருந்து பார்த்தா குரூஸ் கப்பல் ஹார்பர் வாயைத் தாண்டிப் போறது தெரியும். மேல மல்லி ரூம் பயத்தைப் பத்தி நல்லா எழுதியிருக்காங்க, நான் கப்பல் அசைவைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா உங்க ரெண்டு பயமும் கேபின் விஷயத்துல ஒன்னுக்கொன்னு எதிரா இழுக்கும், அதை யாரும் சொல்லமாட்டாங்க.

கப்பல் ரெண்டு விதமா முக்கியமா ஆடும். பக்கவாட்டுல சாயறது ரோலிங், முன்னும் பின்னும் ஏறி இறங்கறது பிட்சிங். ரோலிங்கைக் குறைக்க தண்ணிக்கு அடியில ரெண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் ஃபின், அதாவது மீன் துடுப்பு மாதிரி ஒன்னு, நீட்டிக்கிட்டு இருக்கும், கப்பல் வேகமா ஓடும்போது அது நல்லா வேலை செய்யும், பிட்சிங்குக்கு அது ஒன்னும் செய்யாது. பிட்சிங்ல கப்பல் சீசா பலகை மாதிரி நடுவுல அவ்வளவா அசையாது, முனையிலதான் தூக்கிப் போடும். அதனால முன்பக்கம் வேண்டாம், கடைசியும் வேண்டாம், நடுவுல, கீழ் டெக்கா பாருங்க, மேல போகப் போக சாய்வு அதிகமா தெரியும்.

இப்ப சிக்கல் என்னன்னா வாந்திக்கு நல்ல இடம் கீழ நடுவுல, அங்க பால்கனி இருக்காது. மூடின ரூம் பயத்துக்கு நல்லது பால்கனி, அது பெரும்பாலும் மேல் டெக்குகள்ல இருக்கும். நிறைய பேர் ஒன்னை நினைச்சு இன்னொன்னுல மாட்டிப்பாங்க. உங்களுக்கு நான் சொல்றது ஓஷன் வியூ கேபின், அதாவது ஜன்னல் உள்ள கேபின், கீழ்த்தட்டுல, நடுப்பக்கமா. ஜன்னல் திறக்காது, ஆனா வெளிச்சம் வரும், தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோடு தெரியும். அந்தக் கோடுதான் உங்க ரெண்டு பயத்துக்கும் பொதுவான மருந்து. வாந்தி ஏன் வருதுன்னா காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு உடம்பு அசையுதுன்னு சொல்லும், கண்ணு நாலு சுவத்தைப் பார்த்து ஒன்னும் அசையலன்னு சொல்லும், மூளைக்கு ரெண்டும் ஒத்துவராது. தொடுவானத்தைப் பார்த்தா கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்லும். பஸ்ல போனைப் பார்த்தா உங்களுக்கு வர்றதும் இதேதான். பால்கனியே வேணும்னு மனசு சொன்னா நடுப்பக்கமா இருக்கற பால்கனில கீழ எது கிடைக்குதோ அதை எடுங்க, அதுவும் தப்பில்ல.

விலை கம்மியான டிக்கெட்டுல எந்த கேபின்னு கம்பெனியே கடைசியில முடிவு பண்ணும், அப்படி எடுத்திருந்தா நடுப்பக்கம் வேணும்னு நீங்க கேக்க முடியாது. உங்க தங்கச்சிகிட்ட அதை முதல்ல பார்க்கச் சொல்லுங்க, டிசம்பர் நெருங்க நெருங்க நல்ல இடம் போயிடும்.

காத்தைப் பத்தி. டிசம்பர் ஆரம்பம் நல்ல நேரம்தான் எடுத்திருக்கீங்க. மொசாம்பிக் கால்வாய்ப் பக்கம் சைக்ளோன் சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்னாலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான் உச்சம், 2019ல இடாய் வந்தது மார்ச், 2021ல எலோயிஸ் ஜனவரி. நம்ம கடற்கரையில பேர் வாங்கின ராட்சச அலை எல்லாம் பெரும்பாலும் டர்பனுக்குத் தெக்க, அகுல்ஹாஸ் நீரோட்டம் தெக்க ஓடும்போது தென்மேற்குக் காத்து எதிர்ல அடிக்கிற இடத்துல. நீங்க யூட்யூப்ல ஓசியானோஸ் கப்பல் மூழ்கறதைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க, அது 1991 ஆகஸ்ட், குளிர்காலம், ஈஸ்ட் லண்டன்ல இருந்து டர்பன் வர்ற வழியில வைல்ட் கோஸ்ட் பக்கம். அதுலயும் இருந்த 571 பேரும் உயிரோட மீட்கப்பட்டாங்க, அதையும் தெரிஞ்சுக்கோங்க. நீங்க போறது வடக்க. அதுக்காக வடக்க குளம் மாதிரி இருக்கும்னு நான் பொய் சொல்லமாட்டேன். வடகிழக்குக் காத்து பலமா இருந்தா போகும்போது முன்பக்கம் மோதும், தெக்க இருந்து குளிர்காத்து கிளம்பினா திரும்பி வரும்போது மோதும். ஆனா எம்.எஸ்.சி கம்பெனியோட மியூசிகா வகைக் கப்பல் எல்லாம் கிட்டத்தட்ட 294 மீட்டர் நீளம், சின்ன அலை அதை ஒன்னும் பண்ணாது, ஸ்வெல்னு சொல்ற, தூரத்துல இருந்து உருண்டு வர்ற நீளமான அலை வந்தாத்தான் அசையும். அஞ்சாறு செகண்டுக்கு ஒருதரம் மெதுவா ஏறி இறங்கற அசைவுதான் வயித்தைப் பிரட்டறதுல மோசம், அது வந்தா ரூமுக்குள்ள போய் ஒளியாதீங்க, நடு டெக்குக்கு வந்து காத்துபட உட்கார்ந்து தூரத்தைப் பாருங்க. படுத்துக் கண்ணை மூடினா வாந்தி குறையும், ஆனா உங்களுக்கு மூடின ரூம்ல படுக்க பயம், அதனால திறந்த டெக்ல சாய்வு நாற்காலில படுங்க, யாரும் கேக்கமாட்டாங்க.

பெரும்பாலானவங்களுக்கு ஒன்னுல இருந்து மூணு நாளுக்குள்ள உடம்பு பழகிடும். நீங்க போறது சின்னப் பயணம், அதனால பழகற வரைக்கும் காத்திருக்காம முதல்லயே தடுக்கறதுதான் சரி. மாத்திரையை விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். அப்புறம் செல்வம் தம்பி, கோவிச்சுக்காதீங்க, வைன் யோசனையை மட்டும் திரும்ப எடுத்துக்கோங்க.


ஃபீனிக்ஸ்_மருந்தகம் எழுதியது:

நான் பார்மசிஸ்ட், ஃபீனிக்ஸ்ல வேலை பாக்கறேன், குரூஸ் சீசன் வந்தா எங்க கவுண்டர்ல தினம் கேக்கற கேள்வி இது. செல்வம் சொன்னதுல இருந்து ஆரம்பிக்கறேன், அது ஆபத்து. வாந்தி மாத்திரை எல்லாமே பெரும்பாலும் தூக்கம் வர வைக்கறது, மதுவும் அப்படித்தான், ரெண்டும் சேர்ந்தா ஆடற கப்பல்ல மாடிப்படியில கால் தடுமாறும், மது வாந்தியையும் அதிகமாக்கும். பூங்கொடி அக்கா, உங்களுக்கு இன்னொன்னும் இருக்கு, அந்த ஸ்கேனுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை மிச்சம் வீட்ல இருந்தா அதை எடுத்துட்டுப் போய் வாந்தி மாத்திரையோட சேர்த்து நீங்களா போடாதீங்க. ரெண்டு பயத்துக்கும் ரெண்டு மாத்திரைன்னு தனித்தனியா ரெண்டு பேர்கிட்ட வாங்கினா கடைசியில உங்க உடம்புலதான் ரெண்டும் சேரும். பிபி மாத்திரை பேரு உட்பட எல்லாத்தையும் ஒரே டாக்டர்கிட்டயோ ஒரே பார்மசிஸ்ட்கிட்டயோ காட்டி முடிவு பண்ணுங்க.

இங்க வழக்கமா கொடுக்கறது சின்னரிசின், ஸ்டூஜெரான்னு வாங்குவாங்க. சைக்ளிசின், அது வேலாய்ட். ப்ரோமெதசினும் உண்டு, அதுல தூக்கம் ரொம்ப ஜாஸ்தி. க்ளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய் இருக்கறவங்க, பிராஸ்டேட் வீக்கம் இருக்கற ஆம்பளைங்க, பார்கின்சன்ஸ் இருக்கறவங்க கண்டிப்பா முதல்ல சொல்லணும், இது உங்களுக்கு மட்டும் இல்ல, கூட வர்ற பெரியவங்களுக்கும்தான், ஒருத்தர் வாங்கினதை குடும்பமே பங்கு போட்டுக்கறது நம்ம வழக்கம், அது வேண்டாம்.

முக்கியமானது நேரம். இந்த மருந்தெல்லாம் தடுக்கத்தான் நல்லா வேலை செய்யும், வந்ததை நிறுத்த அவ்வளவா முடியாது. பிரட்டல் ஆரம்பிச்சா வயிறு தன் வேலையை மெதுவாக்கிடும், அப்ப மாத்திரை போட்டாலும் சரியா உள்ள சேராது, பாதி வெளிய வந்துடும். அதனால கப்பல் கிளம்பறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டுடணும், டெர்மினல் லைன்ல நிக்கும்போதே போட்டுக்கலாம். வீட்ல லீவு நாள்ல ஒருதரம் போட்டுப் பாருங்க, எவ்வளவு தூக்கம் வருதுன்னு தெரிஞ்சுடும், அன்னிக்கு வண்டி ஓட்டாதீங்க. ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்க யாராவது ஆன்டான்செட்ரான் போடுங்கன்னு சொல்வாங்க, அது கேன்சருக்குக் கொடுக்கற கீமோவால வர்ற வாந்திக்கு அருமையான மருந்து ஆனா அசைவால வர்ற வாந்திக்கு அது அவ்வளவா உதவாது. மீறி ரொம்ப முடியலன்னா கப்பல்ல மெடிக்கல் சென்டர் இருக்கு, ஊசி போடுவாங்க, அதுக்கு தனியா காசு கட்டணும், உங்க மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கடல்ல செல்லுமான்னு முன்னாடியே கேட்டுட்டு டிராவல் இன்ஷூரன்ஸ் போட்டுக்கோங்க.

இஞ்சி எடுத்துக்கலாம், சிலருக்கு நல்லா கேக்குது, சுக்கு காப்பி, இஞ்சி பிஸ்கட் எதுவா இருந்தாலும் சரி, ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு. வாந்திக்குன்னு மணிக்கட்டுல கட்டற பட்டை பெருசா நிரூபணம் ஆனது இல்ல, கெடுதலும் இல்ல. வெறும் வயித்தோட ஏறாதீங்க, முட்ட சாப்பிட்டும் ஏறாதீங்க, டெர்மினலுக்கு வர்ற வழியில மட்டன் பன்னி சோ (பிரெட்டைக் குடைஞ்சு உள்ள கறிக்குழம்பு ஊத்தித் தர்றது) சாப்பிட்டுட்டு ஏறறவங்க பாடு கஷ்டம். கிரீம் கிராக்கர், பச்சை ஆப்பிள் கையில வச்சுக்கோங்க.

இன்னொன்னு, பயத்தாலயே வயித்தைப் பிரட்டும், நீங்க சோபால உட்கார்ந்து வேர்க்குதுன்னு எழுதினீங்களே அதுமாதிரி. வேகவேகமா மூச்சு வாங்கினா தலை சுத்தும், விரல் மரத்துப்போகும், குமட்டும், அதை கடல் வாந்தின்னு நினைச்சு மாத்திரை மேல மாத்திரை போடறவங்க உண்டு. கப்பல் ஹார்பர்ல கட்டியிருக்கும்போதே குமட்டினா அது கடல் இல்ல, அப்ப மல்லி அக்கா சொன்ன மூச்சுதான் மருந்து. குடும்பத்துல யாருக்கு வரும்னு பார்க்கணும்னா ரெண்டு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்குத்தான் ஜாஸ்தி வரும், மைக்ரேன் இருக்கறவங்களுக்கும் வரும், அறுபது வயசு அம்மாவுக்கு வாய்ப்பு கம்மி. பசங்களுக்கு டோஸ் வேற, தனியா கேளுங்க.


பூங்கொடி_சாட்ஸ்வர்த் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்கப் படிக்க கண்ணு கலங்கிடுச்சு, வீட்ல யாரும் இப்படி உட்கார்ந்து கேக்கல. தங்கச்சிகிட்ட பேசிட்டேன், அண்ணா சொன்ன மாதிரியே அது கம்பெனி ஒதுக்கற கேபின்தான், கொஞ்சம் பணம் சேர்த்துக் கட்டினா ஜன்னல் கேபின் நடுப்பக்கமா மாத்தித் தர்றேன்னு ஏஜென்ட் சொல்லியிருக்காங்க, அந்த வித்தியாசத்தை நான் கட்டறேன்னு சொல்லிட்டேன், படிக்கட்டுக்குப் பக்கத்துலன்னும் கேட்டிருக்கேன். இந்த சனிக்கிழமை பசங்களோட உஷாகா. ஸ்கேன் மாத்திரை ரெண்டு மிச்சம் இருந்துச்சு, உண்மையாவே அதை பேக்ல வச்சுக்கலாம்னு இருந்தேன், இப்ப எடுத்துட்டுப் போய் பார்மசில கேக்கறேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. ராத்திரி திடீர்னு முழிப்பு வந்து இருட்டுல எங்க இருக்கோம்னு தெரியாம படபடப்பு வந்தா என்ன பண்றது, எம்.ஆர்.ஐ அப்புறம் வீட்லயே எனக்கு அப்படி வந்திருக்கு. அப்புறம் போர்ச்சுகீஸ் ஐலண்ட்ல கப்பல் கரைக்குப் போகாதாமே, நடுத்தண்ணில நின்னு சின்ன போட்ல ஏத்துவாங்களாம், அதைக் கேட்டதுல இருந்து புதுசா ஒரு பயம்.


டோங்காட்_மல்லி எழுதியது:

ரொம்ப சந்தோஷம்மா. ராத்திரிக்கு ஒரு சின்ன நைட் லைட் எடுத்துட்டுப் போங்க, பேட்டரில எரியறதா, கப்பல்ல பிளக் பாயின்ட் கம்மி. பாத்ரூம் லைட்டைப் போட்டு கதவை லேசா திறந்து வைக்கறதும் உதவும். ஜன்னல் திரையை முழுசா மூடாதீங்க. படுக்கறதுக்கு முன்னாடி கேபின் கதவை நீங்களே உள்ள இருந்து திறந்து மூடிப் பாருங்க, உள்ள இருந்து திறக்க கார்டு வேண்டாம், கைப்பிடியை அமுக்கினா திறந்துடும், அந்த ஒன்னை கை ஒருதரம் செஞ்சு பார்த்துட்டா ராத்திரி மூளைக்கு ஞாபகம் இருக்கும். கதவுப் பக்கமா இருக்கற கட்டில் உங்களுக்குன்னு சொல்லிடுங்க. செருப்பும் ஒரு ஸ்வெட்டரும் கட்டில் பக்கத்துலயே. முழிப்பு வந்து முடியலன்னா யாரையும் எழுப்ப கூச்சப்பட வேண்டாம், நேரா டெக்குக்குப் போயிடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கும் அங்க ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கும். நான் அப்படி போய் உட்கார்ந்திருக்கேன், அது தோல்வி இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு நானே திரும்பிப் போய் படுத்தேன். யாராவது ஒருத்தர்கிட்ட மட்டும் முன்னாடியே உங்க பயத்தை முழுசா சொல்லி வைங்க. அம்மாகிட்ட சொன்னா நல்லதுன்னு எனக்குத் தோணுது, அவங்க பெரியம்மா மாதிரி பேசமாட்டாங்க.


பிளஃப்_மரைன் எழுதியது:

அந்தச் சின்ன போட்டை டெண்டர்னு சொல்வோம், அதைப் பத்தி நான் சொல்றேன். அந்தத் தீவுக்கிட்ட பெரிய கப்பலுக்கு ஆழம் கிடையாது, இனாக்கா தீவுக்குப் பக்கத்துல நங்கூரம் போட்டு நிப்பாட்டி சின்னப் படகுல ஆளைக் கொண்டுபோவாங்க. கப்பல் நிக்கும்போது ஸ்டெபிலைசர் ஃபின்னால பிரயோஜனம் இல்ல, அதனால ஓடும்போது தெரியாத ஆட்டம் நிக்கும்போது தெரியலாம், அன்னிக்கு காலைலயும் மாத்திரையை விட்டுடாதீங்க, நின்னுட்டுதானே இருக்குன்னு நினைக்க வேண்டாம்.

படகு சில இடத்துல திறந்ததா இருக்கும், சில தடவை கப்பலோட லைஃப்போட்டையே இறக்கி ஓட்டுவாங்க, அது மேல கூரை மூடி உள்ள நெருக்கமா இருக்கும், உங்களுக்கு அதுதான் சோதனை. ஏறும்போதே அங்க நிக்கற ஊழியர்கிட்ட எனக்கு மூடின இடம் ஆகாது, கதவுப் பக்கம் உட்காரணும்னு சொல்லிடுங்க, அவங்களுக்கு இது புதுசு இல்ல. எல்லாரும் முண்டியடிக்கற முதல் நேரத்துல போகாம கொஞ்சம் கூட்டம் வடிஞ்சப்புறம் போங்க. அதுல போற நேரம் கொஞ்சம்தான், கரையைப் பார்த்துக்கிட்டே போங்க, போனைப் பார்க்காதீங்க. காத்து ஜாஸ்தியா இருந்தா கேப்டனே தீவை ரத்து பண்ணிடுவாரு, அது நடக்கறதுண்டு, அப்படி ரத்து பண்ணினா அது அவர் சரியா வேலை செய்யறாருன்னு அர்த்தம், அம்மாவுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வைங்க, கேக்கைத் தீவுல வெட்டலாம்னு திட்டம் போட்டிருந்தா கப்பல்லயே வெட்டற மாதிரி மாத்திக்கோங்க. உங்களுக்கு அன்னிக்கு போக மனசு இல்லன்னாலும் பரவாயில்ல, கப்பல்லயே இருக்கலாம், பாதி பேர் இறங்கிப் போயிருக்கும்போது டெக் காலியா நல்லா இருக்கும்.

ஊருக்கு வந்து இறங்கினப்புறம் ஒரு நாள் ரெண்டு நாள் தரை லேசா ஆடற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், காது திரும்ப நிலத்துக்குப் பழகுது. வாரக்கணக்கா போகலன்னா மட்டும் டாக்டரைப் பாருங்க. கப்பல் கிளம்பற அன்னிக்கு தேதியை இங்க எழுதுங்க தங்கச்சி, காத்து நிலவரம் பார்த்து முந்தின நாள் சொல்றேன்.